தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒளிப்படப் பயணம் நடத்துவது எப்படி: ஏரி, காடு, நடுகல், கோயில் ஆகியவற்றுக்கான முழுமையான வழிகாட்டி

ஆறு பேர் கொண்ட சிறு குழுவை இரண்டு நாள் ஒளிப்படப் பயணமாக இந்த இரண்டு மாவட்டங்களுக்குள் அழைத்துச் செல்ல விரும்புபவருக்காக இதை எழுதுகிறேன். நண்பர் ஒருவருடன் செல்பவருக்கும் இதே முறை பொருந்தும்.

புதிதாகப் பயணம் நடத்துபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேலைகளின் வரிசையில்தான். முதலில் ஆட்களைச் சேர்க்கிறார்கள், பிறகு விடுதியைப் பதிவு செய்கிறார்கள், அதன்பின் வரைபடத்தில் அருகருகே இருக்கும் இடங்களை இணைக்கிறார்கள், அனுமதியைப் பற்றிக் கடைசி வாரத்தில் நினைக்கிறார்கள். கீழே உள்ள வரிசை ஏறக்குறைய அதற்குத் தலைகீழானது. ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் உடன் சொல்லியிருக்கிறேன்.

1. படமெடுக்கும் பொருளை முடிவு செய்து, அதன்பின் மாதத்தைக் குறியுங்கள்

விடுமுறை நாளைப் பார்த்துத் தேதி குறித்தால், அந்தத் தேதியில் கிடைப்பதைத்தான் படமெடுக்க முடியும். எனவே பொருளிலிருந்து தொடங்குங்கள்.

கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி போன்ற நீர்நிலைகளில் பறவைகளை எடுக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். வலசை வரும் பறவைகள் அப்போதுதான் இருக்கும். குளிர்கால வெயில் காலை ஒன்பது மணி வரை மென்மையாகவும் இருக்கும்.

ஒகேனக்கல்லில் நிலைமை வேறு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் குடகுப் பகுதியில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் நீர்வரத்து கூடும்போது பரிசல் இயக்குவதற்குத் தடை விதிக்கப்படும். அருவிப் பகுதிக்குச் செல்லவும் அனுமதி இருக்காது. ஆற்றை நம்பிப் பயணத்தை அமைப்பவர் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. சனவரியிலும் பிப்ரவரியிலும் நீர் வடிந்து பாறைகள் வெளியே தெரியும். சதுப்பு நில முதலைகள் உடலைச் சூடேற்றிக்கொள்ள அவற்றின்மேல் வந்து கிடக்கும்.

பிப்ரவரி நடுவிலிருந்து காடு காய்ந்து தீப்பருவம் தொடங்கிவிடும். அப்போது வனத்துறை நடைபாதைகளை மூடிவிடுவது வழக்கம் என்பதால், நடை கலந்த பயணத்தை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

2. அனுமதி கிடைத்த பின்னரே ஆட்களைச் சேருங்கள்

இந்தப் படியைப் பின்னால் தள்ளியவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓசூர், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளின் பெரும்பகுதி இன்று சரணாலயம். காவேரி வடக்கு வனவுயிரின சரணாலயம் 2014இலும், காவேரி தெற்கு வனவுயிரின சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. முன்னதன் பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர், பின்னதன் பரப்பு சுமார் 686 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் சென்று படமெடுக்கத் தலைமை வனவுயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பொதுச் சாலையில் செல்வது ஒன்று, சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் கால் வைப்பது வேறொன்று. காப்புக்காட்டிலும் அனுமதியின்றி நுழைவது குற்றமே.

எந்த இடம், எத்தனை பேர், எந்த நாட்கள், என்ன கருவிகள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, உரிய வனக்கோட்ட அலுவலகத்தில் நேரில் கொடுப்பதே நடைமுறையில் எளிது. ஓசூர்ப் பக்கம் என்றால் ஓசூரிலும், ஒகேனக்கல் பக்கம் என்றால் தருமபுரியிலும் கேளுங்கள். நடைபயணம் மட்டும் போதும் என்றால், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 தடங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத் தடங்களும் உள்ளன. அவற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் உடன் வருவார்.

கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே கையில் பிடித்துப் படமெடுக்கத் தடையில்லை. முக்காலி வைப்பதற்கு முன் அனுமதி வேண்டும். கோயில்களில் கருவறையை எடுக்கக் கூடாது. மண்டபத்தையும் தூண்களையும் எடுக்கலாமா என்பதை அந்தந்தக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரோன் கருவியை எடுத்து வர வேண்டாம் என்று குழுவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சரணாலயம், நினைவுச்சின்னம் ஆகிய இரண்டிலும் அது சிக்கலில்தான் முடியும்.

3. திசைகாட்டியுடன் ஒருமுறை முன்னோட்டம் சென்று வாருங்கள்

நான் முதன்முதலில் குழுவை அழைத்துச் சென்றபோது, இறந்துபட்ட வீரனின் நினைவாக நட்ட கல்லான ஒரு நடுகல்லின் முன் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். காலை வெயில் அழகானது என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். கல் கிழக்கு நோக்கியது. வெயில் நேராக அதன் முகத்தில் விழுந்தது. வீரனின் வில்லும் அம்பும் கல்லோடு கலந்து மறைந்துபோயின. வேறொரு நாள் அதே கல்லை நண்பகலுக்குச் சற்று முன் பார்த்தபோது, குத்தீட்டி பாய்ந்த இடம்வரை துலங்கியது.

முன்னோட்டத்தில் நான்கு செய்திகளை மட்டும் குறித்தால் போதும்: கல் அல்லது கட்டடம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, எந்த நேரத்தில் நிழல் விழுகிறது, வண்டி எதுவரை செல்லும், அருகில் கழிப்பறை எங்கே இருக்கிறது. கடைசிச் செய்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் இருக்கும் குழுவில் நாளின் போக்கையே அது தீர்மானிக்கும். காட்டோரச் சாலையில் இறங்கித் தேடும் நிலையை எவருக்கும் உண்டாக்கக் கூடாது.

4. குழுவை ஆறு பேருக்குள் நிறுத்தி, உள்ளூர்க்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு நடுகல்லின் முன் ஒரே நேரத்தில் இருவர்தான் ஒழுங்காகப் படமெடுக்க முடியும். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும், ஆறு பேருக்கு அரை மணி நேரம் ஆகிவிடும். நல்ல வெளிச்சம் அதற்கு மேல் நிற்பதில்லை.

தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பகுதிகளில் கன்னடமும் தெலுங்கும் பேசுவோர் மிகுதி. அந்த மொழிகளில் பேசக்கூடிய, ஊராரிடம் அறிமுகம் உள்ள ஒருவர் உடன் வந்தால், எந்த வழியில் நேற்றிரவு யானை இறங்கியது, எந்த வயலுக்குள் யாரைக் கேட்டு நுழைய வேண்டும் என்பவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்குரிய தொகையைப் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். பயணம் முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலைக்கு அவரை ஆளாக்குவது மரியாதையாகாது.

குழுவினரிடம், குறிப்பிட்ட விலங்கு நிச்சயம் தென்படும் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தவர்தான் மாலையில் ஏமாற்றத்தை ஈடுகட்ட விதியை மீறுவார்.

5. இரண்டு நாளையும் வெளிச்சத்தின்படி அடுக்குங்கள்

வரைபடத்தில் அருகருகே இருக்கும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் எரிபொருள் மிஞ்சும், படம் மிஞ்சாது. தருமபுரிக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே சுமார் 46 கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே தருமபுரியில் தங்கினால் இரு பக்கமும் சென்று வரலாம்.

முதல் நாள் விடியலில் ஏரி அல்லது அணை. முற்பகலில் கிழக்கு நோக்கிய நடுகற்கள். உச்சிவேளையில் கோயிலின் உட்புற ஓவியமும் தூண்களும். வெளியே வெயில் கடுமையாக இருக்கும் நேரத்தில் உள்ளே பரவும் ஒளி ஓரளவு போதுமானதாக இருக்கும். மாலை நான்கரை மணிக்கு மல்லசந்திரம் பாறை மேட்டில் உள்ள கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள். அங்கே நிழலே கிடையாது, பாறை முற்பகலிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். தாழ்ந்த வெயிலில் பலகைக் கற்களின் விளிம்பும், அவற்றில் குடைந்த வட்டத் துளையும் நீண்ட நிழலோடு தெரியும்.

இரண்டாம் நாள் முழுவதையும் ஆற்றுக்கு ஒதுக்குங்கள். இருள் பிரிந்த பின்னரே பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுச் சாலையில் இறங்குங்கள்.

6. பையில் வைப்பதைக் குறையுங்கள்

100–400 மி.மீ. அளவிலான ஒரு தொலைநோக்கு லென்ஸ், 24–70 மி.மீ. அளவிலான ஒரு பொது லென்ஸ், இரண்டு மெமரி கார்டு, இரண்டு பேட்டரி, ஒரு கைவிளக்கு, கருப்புக் குடை, 30 செ.மீ. அளவுகோல், லென்ஸ் துடைக்கும் துணி, நீர்புகாப் பை ஆகியவை இருந்தால் இரண்டு நாளுக்கும் போதும். குடையும் அளவுகோலும் எதற்கு என்பது எட்டாம் பகுதியில் வரும்.

வண்டியின் சன்னலில் வைத்துப் படமெடுக்கச் சிறு துணிப்பை ஒன்றைத் தைத்து வாருங்கள். உள்ளே கேழ்வரகை நிரப்பினால், மணி சிறியது என்பதால் லென்ஸின் வடிவத்துக்கு ஏற்ப நன்றாகப் பதியும். வெறும் பையாகக் கொண்டுவந்து இங்கே நிரப்பிக்கொண்டால் சுமையும் இல்லை.

7. ஏரியிலும் ஆற்றிலும்

ஏரிக்குச் சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே சென்று, கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி அமருங்கள். டிசம்பர் நடுவில் இங்கே சூரிய உதயம் ஆறரை மணியை ஒட்டி இருக்கும். வெளிச்சம் வந்த பிறகு நடந்து செல்பவரைக் கண்டு பறவைகள் விலகும். முன்பே அமர்ந்திருப்பவரை அவை சற்று நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். புதியவர்கள் கரைமேல் நின்றபடி கீழ்நோக்கி எடுக்கிறார்கள். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்து அமர்ந்தால்தான் நத்தைக்குத்தி நாரையின் அலகிடை இடைவெளியும் அதன் பின்னே தொலைவில் மங்கும் நீரும் தனித்துத் தெரியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு இருக்கட்டும். அதற்காக ஐஎஸ்ஓ அளவு கூடினால் பரவாயில்லை. படத்தில் சிறு புள்ளிகள் விழுந்தால் பின்னர் ஓரளவு சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஒகேனக்கல்லில் உரிய கட்டணச்சீட்டு பெற்று, உயிர்காப்பு உடை அணிந்தே பரிசலில் ஏறுங்கள். பரிசலில் முக்காலி பயன்படாது. அது சுழன்றுகொண்டும் ஆடிக்கொண்டும் இருக்கும். நொடியில் 1000இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வேகத்தை வைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்பது எல்லோருக்கும் ஆபத்து. பரிசல் ஓட்டுபவரிடம் ஏறும் முன்பே, “அண்ணா, வெயில் எங்க முதுகுல விழற மாதிரி நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டால் அவர் துடுப்பால் ஒரே திருப்பில் சரிசெய்துவிடுவார். முதலை கிடக்கும் பாறையை நெருங்கச் சொல்லி அவரை வற்புறுத்தக் கூடாது. எவ்வளவு தொலைவில் நிறுத்த வேண்டும் என்பது அவர் முடிவு.

முதலைகளுக்கு ஏற்ற நேரம் ஒன்பது மணிக்கு மேல். அதிகாலையில் அவை பெரும்பாலும் நீருக்குள் இருக்கும். நீர்நாய்களுக்கோ காலைப்பொழுதே ஏற்றது. கரையோர நீர்மருது மரங்களில் சாம்பல் நிற அணிலைத் தேடுபவர், மேலே பார்ப்பதற்கு முன் கீழே கடித்துப் போட்ட காய்களைப் பார்க்க வேண்டும்.

8. நடுகல்லை எடுக்கும் முறை

இந்தப் பயணத்தில் குழுவினர் மிகக் குறைவாக எதிர்பார்த்து வருவதும், மிக மனநிறைவோடு திரும்புவதும் இந்த இடத்தில்தான். ஆகவே இதற்கு மிகுந்த நேரம் ஒதுக்குங்கள்.

முதல் வேலை, கேட்பது. இப்பகுதியில் நடுகற்கள் பலவும் வேடியப்பன் என்று இன்றும் வணங்கப்படுகின்றன. வயல் வரப்பில் தனியாக நிற்கும் கல்லுக்கும் பூசை செய்யும் குடும்பம் ஒன்று இருக்கும். நிலத்துக்காரரையும் பூசாரியையும் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நெருங்குங்கள்.

இரண்டாவது, எதையும் தடவாதிருப்பது. எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ பூசுவது, தண்ணீர் ஊற்றுவது, மஞ்சளையும் எண்ணெயையும் சுரண்டுவது ஆகிய மூன்றையும் புதியவர்கள் செய்யத் துணிவார்கள். சுண்ணக்கட்டியால், பழந்தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தின் மேல் கோடு இழுப்பவர், தாம் படித்ததாக நினைக்கும் எழுத்தைத்தான் வரைகிறார். அடுத்து வந்து படிப்பவருக்கு உண்மையான வெட்டு மறைந்துபோகிறது. சுரண்டுவது கல்லையும் கெடுக்கும், வணங்குபவர் மனத்தையும் புண்படுத்தும்.

மூன்றாவது, ஒளி. புடைப்புச் சிற்பம் தெரிய வேண்டுமானால் ஒளி கல்லின் பரப்பை உரசிக்கொண்டு செல்ல வேண்டும். கிழக்கு நோக்கிய கல்லுக்குக் குளிர்காலத்தில் முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டிய நேரம் பொருத்தமானது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து உயரத்தில் இருப்பதால், கல்லைப் பார்த்து நிற்பவரின் இடப்புறம் மேலிருந்து ஒளி சரிந்து விழும். மேற்கு நோக்கிய கல்லுக்குச் சூரியன் உச்சியைத் தாண்டிய பின் வரும் முதல் அரை மணி நேரம். தெற்கு நோக்கிய கல்லுக்கு டிசம்பர், சனவரி மாதங்களில் சூரியன் எழுந்தவுடனும் அடையும் முன்பும் நல்ல சாய்வு கிடைக்கும். வடக்கு நோக்கிய கல்லுக்கு அந்த மாதங்களில் நேர்வெயிலே கிடையாது.

வெயில் பொருந்தாவிட்டால் குடையை விரியுங்கள். ஒருவர் கருப்புக் குடையால் கல்லின்மேல் நிழல் விழச் செய்ய, இன்னொருவர் கைவிளக்கைக் கல்லின் இடப்பக்க மேல்மூலையிலிருந்து, பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். விளக்கை ஒரு முழம் முன்னும் பின்னும் நகர்த்தினால், சட்டென்று ஓரிடத்தில் எழுத்துகள் எழுந்து நிற்கும். அந்த இடத்தில் கையை நிறுத்தச் சொல்லி எடுங்கள். கேமராவில் உள்ள ஃபிளாஷ் நேர்முகமாக அடிப்பதால் இதற்கு உதவாது.

நான்காவது, அளவு. கல்லுக்கு நேர் எதிரே, அதன் நடு உயரத்தில் கேமராவை வைத்து, 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட குவியத்தில் எஃப் 8 துளையில் எடுங்கள். அகலக் குவியத்தில் நெருங்கி எடுத்தால் வீரனின் கால் சிறுத்துத் தலை பெருத்துவிடும். அளவுகோலைக் கல்லின்மேல் சாய்க்காமல் அருகில் நிறுத்தி ஒரு படம், அளவுகோல் இல்லாமல் ஒரு படம், சுற்றுப்புறத்தோடு ஒரு படம் என்று மூன்றும் வேண்டும். சுற்றுப்புறப் படத்தை எவரும் எடுப்பதில்லை. கல் பின்னாளில் இடம் மாறிவிட்டால், அது எங்கே எப்படி நின்றது என்பதற்கு அந்த ஒரு படம்தான் சான்றாக மிஞ்சும்.

9. கோயிலின் உட்புறம்

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களை எடுக்க அனுமதி கிடைத்தால், ஃபிளாஷை முற்றிலும் அணைத்துவிடுங்கள். அது வண்ணத்துக்கும் நல்லதல்ல, பரப்பில் பட்டு வெள்ளைத் திட்டாகவும் திரும்பி வரும். கழுத்தை வளைத்து மேல்நோக்கி எடுப்பதைவிட, கேமராவைத் தரையில் ஒரு துணியின்மேல் மல்லாத்தி வைத்து, இரண்டு நொடித் தாமதத்தில் இயக்கினால், ஐஎஸ்ஓ 400இலேயே அசைவில்லாத படம் கிடைக்கும்.

தருமபுரிக் கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாத தூணைக் காட்ட, கேமராவைத் தரைமட்டத்தில் வைத்து, இடைவெளிக்குப் பின்னால் வெளிச்சமான பகுதி வருமாறு கோணத்தைத் தேடுங்கள். வழிபடுவோர் வரும் நேரத்தில் எடுக்க வேண்டாம்.

10. யானையைக் கால அட்டவணையில் எழுதாதீர்கள்

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, சவளகிரி வழியாக ஓசூர்ப் பக்கக் காடுகளுக்கு வருகின்றன. கேழ்வரகு கதிர் முற்றும் காலமும் அதுவே. அந்த இரவுகளில் வயல்காரர்கள் பரண்மேல் கண்விழித்துக் கிடக்கிறார்கள். படத்துக்காக யானையைப் பின்தொடரும் வண்டி, மிரண்ட கூட்டத்தை ஒருவரின் வயலுக்குள்ளோ ஊருக்குள்ளோ தள்ளிவிடக்கூடும். நாம் மாலையில் ஊர் திரும்பிவிடுவோம். அந்த இரவை எதிர்கொள்ளப் போகிறவர் அந்த விவசாயி. எனவே யானையைத் தேடிச் செல்லும் பயணத்தை நான் நடத்துவதில்லை.

வழியில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் குழுவுக்குச் சொல்லிக்கொடுங்கள். வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஒலிப்பான் அடிக்காதீர்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், எவரும் இறங்கக் கூடாது, பின்னால் செல்ல வழியை விட்டு வையுங்கள். யானை காதை விரித்து நம்மை நோக்கி நின்றுவிட்டால், படம் முடிந்தது என்று பொருள், மெதுவாகப் பின்வாங்குங்கள்.

“இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே” என்ற குரல் எல்லாக் குழுவிலும் எழும். அதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸ், 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்தைக் காட்டும். பக்கவாட்டில் நிற்கும் பெரிய யானை அதில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும். சிறிய சென்சார் கேமராவில் 250 மி.மீ. லென்ஸே இதற்குப் போதும். 100 மீட்டருக்குள் செல்வதற்கு ஒளிப்படத்தின் பக்கமிருந்து எந்தக் காரணமும் இல்லை.

பறவையின் கூட்டை எடுப்பதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், தீனி வைத்து ஈர்ப்பதும் இதே பட்டியலில் சேரும். தாய் எழுந்து போன கூட்டைக் காகம் பார்த்துவிட்டால் குஞ்சு மிஞ்சாது.

11. அன்றிரவே செய்ய வேண்டியவை

விடுதிக்கு வந்ததும் படங்களை இரண்டு இடங்களில் பதிந்துகொண்டு, குறிப்பை எழுதிவிடுங்கள். ஊர், தேதி, நேரம், கல் நோக்கிய திசை, உயரம், உடன் வந்து காட்டியவர் சொன்ன பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு நடுகல்லுக்கும் எழுத வேண்டும். மறுநாள் ஆற்றைப் பார்த்து வந்தபின் மூன்று கற்களும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

பொதுவெளியில் இடும் முன் படக்கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள். விலங்கின் வளையும் பறவையின் கூடும் ஊரறிந்தால் அடுத்த வாரமே கூட்டம் சேரும். காவலில்லாமல் வயலில் நிற்கும் நடுகல்லுக்கும் அதே ஆபத்து உண்டு. வட்டத்தின் பெயர்வரை எழுதினால் போதும். எழுத்துள்ள கல் எதையாவது புதிதாகக் கண்டதாகத் தோன்றினால், முழு விவரத்தையும் படங்களோடு தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் கொடுங்கள்.

கடைசியாக, நடுகல்லின் நல்ல படம் ஒன்றைப் பன்னிரண்டுக்கு எட்டு அங்குல அளவில் அச்சிட்டுச் சட்டமிட்டு, பூசை செய்யும் குடும்பத்துக்குக் கொடுங்கள். அடுத்த முன்னோட்டத்துக்குச் செல்லும் நாளிலேயே அதைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.